ஏற்காட்டில் ஏ ஷிப்ட்

மண்ணூரில் கிளியம்மாளின் வாடகை வீட்டு வரிசையில் முத்துச்செல்வியும் கனகலட்சுமியும் பல வருடம் அடுத்தடுத்த போர்ஷனில் குடியிருந்தார்கள். நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஆனாலும் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை. புருஷன்மார் இருவருக்கும் ஒரே கம்பெனி, எதிரெதிர் ஷிப்ட். ஒரு வாரம் முத்துச்செல்வியின் புருஷன் இசக்கிபாண்டி நைட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குவான். அடுத்த வாரம் கனகலட்சுமியின் புருஷன் மாரிமுத்து தூங்குவார். எந்த நாளானாலும் சுவருக்கு ஏதோ ஒரு பக்கம் குறட்டை கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஊர் வம்பு, மாமியார் கொடுமை, சிரிப்பு, அழுகை எல்லாமே குசுகுசுப்புதான்.

வீட்டுக்காரி கிளியம்மாளுக்கு இது பொறுக்காது. "இன்னாமா, எப்பப் பாத்தாலும் காதாண்ட வாய வெச்சிகினு கீறீங்க. என்னப் பத்தியா?" என்பாள்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்திராத காலம் அது. அந்த வருடம் மாரிமுத்து வேலையை விட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் தம்பி நடத்தும் கடைக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து முத்துச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. மே மாதம் கம்பெனியில் மெஷினையெல்லாம் நிறுத்தி ஷட்டவுன் விடுவார்கள். இருவருக்கும் சேர்ந்து லீவு கிடைப்பது அப்போது மட்டுந்தான்.

"இந்த ஒரு தடவ ரெண்டு வீடும் சேந்து எங்கயாவது போவோம். கனகக்காகூட ஒரு நாளாவது சத்தமாப் பேசிச் சிரிக்கணும் எனக்கு" என்றாள் புருஷனிடம்.

இசக்கிபாண்டி கெட்டவன் இல்லை. கை கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். கம்பெனியில் செலவைக் குறைக்க யோசனை எழுதிப் போட்டு, ஹாட்பாக்ஸும் சுவர்க் கடிகாரமும் பரிசு வாங்கியவன். அந்த மூளையை இப்போது குடும்பத்தின் பக்கம் திருப்பினான். ஊட்டி வேண்டாம், ஏற்காடு. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டால் ஒரு பகலுக்கு மட்டும் ரூம் போதும். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, கடிக்க முறுக்கு.

ஏற்காட்டில் இறங்கியபோது சீசன் கூட்டம் அலைமோதியது. லாட்ஜ் மேனேஜர், ஒரு ரூமுக்கு ஒரு குடும்பம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு ரூம் எடுக்க இசக்கிபாண்டிக்கு மனசு வருமா? ஒற்றைச் சாவியோடு வெற்றிச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"கல்யாணத்துக்கு முன்ன நம்ம மண்ணூர்ல எட்டுப் பேரு நாலு பாயில குடித்தனம் நடத்தலியா அண்ணாச்சி? நைட்டுக்காரன் வந்து படுக்கும்போது பாய்ல சூடு ஆறியிருக்காது. அதே மாதிரிதான். நாங்க ஏ ஷிப்ட், இப்பச் சுத்திட்டு வாரோம். நீங்க குளிச்சு, சாப்ட்டு ரெஸ்ட் எடுங்க. மத்தியானம் சாவிய மாத்திக்கிடுவோம். காசு குடுத்த ரூம் ஒரு நிமிசம் சும்மா நிக்கக் கூடாது."

மாரிமுத்து அவன் முதுகில் தட்டி மெச்சினார். பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுத்தெருவில் வைத்து என்னத்தைச் சொல்ல?

முத்துச்செல்வி ஏரியைப் பார்த்தாள், பூங்காவைப் பார்த்தாள், பள்ளத்தில் தெரிந்த சேலத்தைப் பார்த்தாள். எதைப் பார்த்தாலும் கனகக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. பக்கத்தில் புருஷன், ரூம் எடுத்த கதையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

மத்தியானம் ரூம் வாசலில் ஷிப்ட் மாறியது. கனகலட்சுமி பூ வைத்து, புதுச்சேலை கட்டித் தயாராக நின்றாள். "வாளில வெந்நி இருக்கு செல்வி" என்றாள். அதற்குள் மாரிமுத்து, நேரமாகிறது என்று அவளையும் பிள்ளைகளையும் விரட்டிக்கொண்டு போய்விட்டார்.

இசக்கிபாண்டி பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான். சாய்ந்ததும் குறட்டை கிளம்பியது. முத்துச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் மலையேறி வந்தும் இதைத்தான் கேட்க வேண்டுமா? செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஏரிக்குத் திரும்பும் வளைவில் அவர்களைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ரூமுக்குப் போங்க. நானும் அக்காவும் இன்னைக்கு ஓவர்டைம்."

"ஒரு குடும்பந்தான விடுவான்?"

"நாங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கோம்லா? மேனேஜரு கேட்டா அதச் சொல்லுங்க."

மாரிமுத்து பதில் யோசிப்பதற்குள் இருவரும் டிக்கெட் வாங்கி பெடல் போட்டில் ஏறிவிட்டார்கள். மிதித்து மிதித்து ஏரியின் நடுவுக்குப் போய் நிறுத்தினார்கள். பக்கத்தில் வேறு போட் இல்லை. முத்துச்செல்வி ஆரம்பித்தாள். தன் முதல் பிரசவம், அக்கா ஊருக்குப் போன பிறகு தன் கதி என்ன என்ற பயம், கிளியம்மாள் தண்ணீர் மோட்டார் போடுவதில் காட்டும் கஞ்சத்தனம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். கனகலட்சுமி தலையைச் சாய்த்து அவள் வாயருகே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று நிமிர்ந்தாள். "ஏட்டி, இங்க யாரு தூங்குதா?"

அதையும் குசுகுசு என்றுதான் கேட்டாள்.

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் கை வாயைப் பொத்தப் போனது. கனகலட்சுமி அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எப்போது அழ ஆரம்பித்தோம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜூனில் அவர்கள் போய்விட்டார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து இசக்கிபாண்டிக்கு ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது. பகலில் தூங்க இப்போது வீட்டில் ஆள் இல்லை. செல்போனும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கனகலட்சுமி கூப்பிடுவாள். முத்துச்செல்வி போனை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரோரமாகப் போய் உட்காருவாள்.

"யாரு தூங்குதான்னு இப்டிப் பேசுத? சத்தமாத்தான் பேசேன்" என்பான் இசக்கிபாண்டி.

ஒருநாள் பேசியும் பார்த்தாள். வேறு யாரிடமோ பேசுவது போலிருந்தது. மறுபடியும் குரலைத் தாழ்த்தி, "யக்கா" என்றாள். அந்தப் பக்கமும் குரல் தாழ்ந்தது. "சொல்லுட்டி."