ஏழாம் தொட்டிக் கடலட்டை

ஆராய்ச்சிக்கூடத்தில் ஏழாம் தொட்டியில் இருந்த கடலட்டையை மல்லாத்திப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். வெள்ளரிக்காய் நீளத்துக்குச் சொரசொரவென்று இருக்கும். முகம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நல்ல அட்டை ஐந்து நிமிடத்துக்குள் தானாகக் குப்புறத் திரும்பிவிடும். இந்த அட்டைக்கு, மூன்று வாரம் முன்பு, ஆராய்ச்சி செய்யும் மேடம் நரம்பை வெட்டியிருந்தார். நரம்பு மறுபடி வளர்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. போன வாரமெல்லாம் ஒரு தடவைகூட இது திரும்பவில்லை. திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று நான் எழுத வேண்டும். பார்க்கலாம், தொடக்கூடாது.

குடலை உருவி மாலையாகப் போட்டுவிடுவேன் என்று நம் ஆட்கள் சும்மா மிரட்டுவார்கள். அட்டையோ பயந்தால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டு, சில வாரத்தில் புதுக்குடலோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி மணலை மேய்ந்துகொண்டிருக்கும். எனக்கு அதன் மேல் பொறாமைதான். என் கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. பதினோரு மாதமாகப் படுக்கை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம், தேறாமலும் போகலாம் என்று டாக்டர் மழுப்பினார். முதுகில் புண் வந்துவிடாமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான் வேலைக்கு வரும் நேரத்தில் நாத்தனார், மற்றபடி நான்.

அரை மணி நேரம் ஆகியும் அட்டை மல்லாந்தே கிடந்தது. அதன் குட்டிக் கால்கள் பிடிமானம் தேடி நீண்டு நீண்டு சுருங்கின. என் கை சும்மா இருக்கவில்லை. ஒரு விரலால் லேசாக நெம்பிவிட்டேன். திரும்பிவிட்டது. நோட்டில் முப்பத்திரண்டு நிமிடம் என்று எழுதினேன். விரலைப் பற்றி எழுதவில்லை.

நோட்டைப் பார்த்த மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அக்கா, ஏழு திரும்பிடுச்சா? அப்ப நரம்பு வளர்ந்திருக்கு."

அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை. போதாததற்கு வீட்டுக்கு வந்து கணவரிடமும் சொல்லிவைத்தேன்.

"எத்தன நாள்ல?" என்றார்.

"இருபத்தோரு நாள்ல."

"அட்டையே திரும்புது. நான் அதவிடக் கேவலமா போயிட்டேனா?"

சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை நான் புரட்டப் போனபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. அவ்வளவு பாடும் என் பொய்யை நம்பி.

அன்றைக்கே மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் அந்த வரியை அடித்தார்.

"நாளைக்கு மறுபடி மல்லாத்தி வைங்க அக்கா. நானும் கூட உட்கார்றேன்."

நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இனி வீட்டில் இவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும், கம்பியைப் பிடிப்பதும் போய்விடும். சொல்லாமல் இருந்தால் நான் அவரை ஏமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அது தானா திரும்பலங்க. நான்தான் விரல் வச்சேன்."

முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"நீ தொடறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் கிடந்துச்சு?"

"அரை மணி இருக்கும்."

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சமாதானம் சொல்லவில்லை. கம்பியை எட்டிப் பிடித்தார்.

"வெளிய போய்க் கதவச் சாத்து."

"எதுக்குங்க?"

"ஒன் கை எனக்குத் தெரியும். போ."

சாத்திக்கொண்டு நின்றேன். கட்டில் கிறீச்சிட்டது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"ஏங்க?"

"உள்ள வராத."

என் இரண்டு கையும் கதவின் மேல் இருந்தன. எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். உள்ளே கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.