நிழலில் காயும் ஃபில்டர்

...வெயிலில் வைக்கக் கூடாது, நிழலில்தான் காய வேண்டும், காற்று அடிக்கக் கூடாது, துணியால் ஒற்றவும் கூடாது, தானாகக் காய வேண்டும், இதெல்லாம் ராஜமாணிக்கத்துக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், எழுப்பிக் கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. நெல் மூட்டை அடுக்குகிற கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட அன்னக்கூடையின் மேல், இஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டுகிற அந்தப் பஞ்சு ஃபில்டர் மடிப்பு மடிப்பாக நிற்கிறது, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இவர். ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பானா? இவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மகனுடைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார், பானெட்டைத் திறந்துகொண்டு, தரையோடு தரையாக, ரெண்டே சீட்டு. இன்றைக்கு அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து டில்லிபாபு என்று ஒருத்தர் வருகிறார், பிடித்திருந்தால் கையோடு ஓட்டிக்கொண்டு போய்விடுவாராம், மகன் இளம்பரிதி ஜெர்மனியில் இருந்தபடியே பேசி முடித்திருக்கிறான். வித்துடலாம் நைனா, சும்மா நின்னுகினு இன்னா பண்ணப் போவுது, என்றான் போன ஞாயிற்றுக்கிழமை. ஆங், வித்துடலாம்பா, என்று இவரும் சொன்னார், சொல்லாமல் வேறென்ன செய்வது, வண்டி அவனுடையது... ஆனால் வண்டி போய்விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் என்ன பேசுவான்?

அதுதான் குடைகிறது. மகனிடம் பேச அவருக்கு வேறு என்ன தெரியும்? நிலம் எப்படி இருக்குது என்று அவன் ஒரு வார்த்தை கேட்பான், இருக்குதுப்பா என்று இவர் ஒரு வார்த்தை சொல்வார், அதோடு சரி, ரெண்டு பேரும் எதிரெதிரே நிற்கிற பஸ் மாதிரி யார் முதலில் பின்வாங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். முன்பெல்லாம் மனைவி ரஞ்சிதம் போனைப் பிடுங்கிக்கொள்வாள், பேச்சு ஓடும். இப்போது அவளும் அங்கே. மருமகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள், குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், நின்றது, குப்புறட்டும் என்றாள், அதுவும் ஆச்சு, இப்போது இந்தக் குளிர் போகட்டும் என்கிறாள். போனில் குழந்தையைக் காட்டுவார்கள், அது தாத்தாவைப் பார்க்காது, போனை நக்கப் பார்க்கும், எல்லோரும் சிரிப்பார்கள், இவரும் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரிப்பார், சிரித்து முடித்த பிறகு அந்தச் சத்தம் அவருக்கே என்னவோ போல் இருக்கும். அப்புறம் மகன் போனை வாங்கி, ஃபில்டர் கழுவினியா நைனா, என்பான். அங்கேதான் இவருக்கு வாய் திறக்கும். கழுவிட்டேன், மடிப்புல ஒரு பூச்சி இருந்துச்சு, எடுத்துட்டேன், ஒவ்வொரு மடிப்புலயும் ஒரே கோடுதான் எண்ணெய் வுட்டேன். சூப்பர் நைனா, என்பான். அந்த ஒரு சூப்பர் அடுத்த வாரம் வரைக்கும் தாங்கும்.

வண்டி வந்த புதிதில் இந்த ஃபில்டருக்கே ரெண்டு பேருக்கும் ஒரு வாரம் சண்டை. பஞ்சுதான் வேணும் என்றான் அவன், பேப்பரைவிடக் காத்து தாராளமாப் போவும் நைனா, இஞ்சின் சத்தமே வேற மாதிரி கீது பாரு, கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம். இவர் விடவில்லை. திருப்பதி ரோட்டில் போகிற லாரிகள், அந்தப் பக்கம் கல் உடைக்கிற இடங்கள், இங்கே பறக்கிறது மாவு மாதிரித் தூசி, பஞ்சில் புகுந்து போய்விடும், பேப்பர்தான் தடுக்கும், அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டு, சத்தத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கிறதா? கடைசியில் அவனே பேப்பர் ஃபில்டர் வாங்கி வந்து மாட்டினான், வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை, மாட்டினான். இவருக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆனால் ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று, விமானத்துக்கு நேரமாகிறது என்று ரஞ்சிதம் கத்திக்கொண்டிருக்க, அவன் கொட்டகைக்குள் போய்ப் பேப்பரைக் கழற்றிவிட்டு மறுபடியும் பஞ்சை மாட்டிக்கொண்டிருந்தான். ஏன்டா, என்றதற்கு, இதத்தான் நைனா கழுவ முடியும், மாசா மாசம் கழுவணும் மறந்துடாத, என்றான். பிடிவாதக்காரன், போகிற நேரத்திலும் தன் பேச்சே ஜெயிக்க வேண்டும் என்று பார்க்கிறான், என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அதே வண்டிக்கு மலைக் கோயிலில் பூஜை போட்டபோதும் ஒரு கூத்து. ரெண்டு சீட்டு, மூன்று பேர். நீ ஏறு, நீ ஏறு என்று வாசலிலேயே பாதி நேரம் போனது, பிறகு ரஞ்சிதம் மகனோடு ஏறிக்கொள்ள, இவர் தன் பழைய டிவிஎஸ்ஸில் கிளம்பினார். வேகத்தடைக்கு வேகத்தடை வயிறு உரசும் என்று அவன் ஊர்ந்து ஊர்ந்து ஏற்றினான், இவர் முந்திக்கொண்டு மேலே போய் நின்றார், தேங்காய்க் கடைக்காரர்கள் எல்லாம், பெரியவர் வண்டிதான்யா ஸ்போர்ட்ஸ் வண்டி, என்று கிண்டல் செய்தார்கள். எவ்வளவு சிரிப்பு அன்றைக்கு. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே இவர் தனி வண்டிதான். அவர்கள் ரெண்டு பேரும் உள்ளே, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு...

நாற்காலிக்குக் கீழே ரெண்டு எண்ணெய். ஒன்று சிவப்பு எண்ணெய், சின்ன பாட்டில், மகன் அனுப்பியது, இந்த ஃபில்டருக்கென்றே உள்ளது. இன்னொன்று டிராக்டருக்கு ஊற்றுகிற இஞ்சின் ஆயில். முதல் மாதம் இவர் செய்த கோளாறு அது. டிராக்டரில் ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு கிண்ணம் உண்டு, அதில் கோடு வரைக்கும் இஞ்சின் ஆயில் ஊற்றினால் தூசியெல்லாம் எண்ணெயில் படிந்துவிடும், ஆயுசு முழுக்க அதைத்தானே செய்திருக்கிறார், அந்தப் பழக்கத்தில் பஞ்சு ஃபில்டரையும் ஆயிலில் ஒரு முக்கு முக்கி மாட்டிவிட்டார். ஸ்டார்ட் செய்ததும் வண்டி இருமியது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, இவருக்கு உயிரே போய்விட்டது. அன்றைக்கு மகன் போனை வைக்கவே இல்லை. திட்டினான், பிறகு ஆயிலில் முக்கியதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான், போனை அங்க காட்டு நைனா, அந்தக் குழாயக் கழட்டு, உள்ள சின்னதா ஒரு கம்பி மாதிரி தெரியுதா, அதான் காத்த அளக்குற சென்சார், எண்ணெய் பட்டுருக்கும், கை வெக்காத, ஸ்ப்ரே மட்டும் அடி... விளக்கு அணைந்தபோது ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவ்வளவு நேரம் மகன் இவரோடு பேசியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இன்றைக்கும் ஒரு முக்கு முக்கினால் என்ன? வண்டி இருமும், விளக்கு எரியும், டில்லிபாபு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் போவார், மகன் கூப்பிடுவான், போனை அங்க காட்டு நைனா என்பான். சீ, இது என்ன புத்தி, பெற்ற பிள்ளையின் பொருளைத் தானே கெடுக்கிறதா? யாருக்குத் தெரியப் போகிறது, வயசான மனுஷன், மறந்துட்டாரு என்பார்கள்... டிராக்டர் ஆயில் கேனின் மூடியைத் திருகிப் பார்த்தார், திரும்பவும் மூடினார். போன் அடித்தது, டில்லிபாபு. "ஐயா, கனகம்மாசத்திரம் தாண்டிட்டேங்க, வந்துகினே இருக்கேன்." வாங்க வாங்க, என்றார். மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். ஓரத்தில் மட்டும் சில்லென்று இருந்தது. காலையில் கழுவியபோது பக்கெட்டுத் தண்ணீரில் எண்ணெயின் சிவப்பு மட்டும்தான் இறங்கியது, பேருக்குக்கூடத் தூசி இல்லை, தான் அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று அவருக்குப் பெருமைதான்.

டில்லிபாபு பேச்சுக்கு முன் சிரிக்கிற ஆள். வந்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், சீட்டில் இறங்கி உட்கார்ந்தார், ஓடிய தூரத்தைப் பார்த்து விசில் அடித்தார், பிறகு அன்னக்கூடை மேல் இருந்ததைக் கையில் எடுத்துப் புரட்டினார். "இத இன்னாத்துக்குங்கய்யா கழுவி வெச்சுக்கினு கீறீங்க?"

"மாசா மாசம் கழுவறதுதாங்க. கரெக்டா செஞ்சுடுவேன்."

"மாசா மாசமா?" அவர் சிரித்துவிட்டார். "வண்டி ஓடவே இல்லியே. தெனம் ஓட்டறவனே எப்பவாச்சும் ஒரு தபாதான் இதக் கழுவுவான். நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க? யாரு சொன்னது உங்களுக்கு?"

"பையன்தான்."

"அவரா? அவரு எங்கிட்ட போன்ல வண்டியப் பத்தி அக்கு வேறா ஆணி வேறா பேசுறாரு, அவருக்குத் தெரியாதா இது?"

தெரியாதா... ராஜமாணிக்கம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவனுக்குத் தெரியாதா? சென்சார் எங்கே இருக்கிறது என்று அத்தனை தூரத்திலிருந்து விரல் வைத்துக் காட்டியவனுக்கு. பேப்பரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால் கழுவ ஒன்றும் இல்லை, மாதா மாதம் கேட்கவும் ஒன்றும் இல்லை. இதத்தான் நைனா கழுவ முடியும்... அது பிடிவாதம் இல்லையா அப்போது? அவனுக்கும் பேச வேறு எதுவும் தெரியவில்லையா, இவரைப் போலவே, இந்த வீட்டு ஆம்பிளைகளுக்கே வாய் அப்படித்தானா? அப்படியானால் ஏன் விற்கிறான்? அலுத்துவிட்டதா? இல்லை, வேண்டாம்டா, இருக்கட்டும், என்று அப்பன் ஒரு தடவையாவது சொல்கிறானா என்று பார்த்தானா? ஆங் என்று உடனே சொன்னது யார்?

போன் அடித்தது. இளம்பரிதி. அங்கே இன்னும் விடிந்திருக்காது.

"நைனா, அந்த ஆளு வந்துட்டாரா?"

"வந்துட்டாருப்பா."

"ஆங்... ஃபில்டர் காஞ்சிடுச்சா?"

டில்லிபாபு கையில் ஃபில்டரை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார், மடிப்பில் விரல் ஓட்டிவிட்டு, காஞ்சிடுச்சுங்க, என்று தலையையும் ஆட்டினார்.

"இன்னும் காயலப்பா," என்றார் ராஜமாணிக்கம்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"காயட்டும் நைனா," என்றான். "நான் லைன்லயே இருக்கேன்."