பேச்சிராஜாவின் சிக்ஸர்கள்

பேச்சிராஜாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவன் அடித்த சிக்ஸர்கள் ஒவ்வொன்றாக அவன் வீட்டுத் தகரக் கூரையில் விழ ஆரம்பித்தன. சங்கரன்கோவிலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் இருபது வருஷமாக அவன் தூக்கி அடித்த பந்து எதுவும் கீழே வந்ததில்லை என்பது குருவிகுளம் வரைக்கும் தெரிந்த விஷயம். பந்து வாங்கிக் கட்டுப்படியாகாது என்று அவனைச் சேர்க்காத டோர்னமென்ட்டுகள்கூட உண்டு. மேலே போனது வரத்தானே செய்யும் என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அவன் பொண்டாட்டி முத்துமாரிக்குத்தான் மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். விசைத்தறி அவள் தலையில் விடியும். கிரிக்கெட் என்றாலே வேப்பங்காயாகக் கசந்தது. ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. மேலநீலிதநல்லூர் பைனலுக்குக் கிளம்பும்போது, "ஏட்டி, இன்னைக்கு ஒருநாளாவது வாயேன்" என்று கேட்டான். "தறிய ஒங்க அய்யாவா ஓட்டுவாரு?" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். கடைசிப் பந்தைத் தூக்கி அடித்து ஜெயித்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிட்ச்சிலேயே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. வயசு நாற்பத்தொன்று.

கூரையில் பந்து விழும்போதெல்லாம் மைக் கமென்டரி சாம்சன் வந்துவிடுவார். அவன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் மைக் பிடித்தவர் அவர்தான். பந்தை உருட்டிப் பார்த்தே எந்த ஊர், எந்த ஓவர், யார் போட்டது என்று கண்டுபிடித்து, வாசற்படியில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லுவார். முத்துமாரி தறியை நிறுத்திவிட்டுக் கேட்பாள். இப்படி மூன்று வருஷத்தில் புருஷனின் ஆட்டம் முழுவதையும் கேட்டுத் தீர்த்தாள். இத்தனை ஊர் அவனைக் கொண்டாடியிருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரியத் தெரிய அழுகைதான் கூடியது.

ஒரு வெள்ளிக்கிழமை விழுந்த பந்தை உருட்டிப் பார்த்த சாம்சன், அதை முத்துமாரி கையில் கொடுத்தார். அது அந்த பைனல் பந்து.

"இத நீங்க சொல்லாதிய அண்ணாச்சி," என்றாள் முத்துமாரி. "நான் சொல்லுதேன். நான் அங்கனதான இருந்தேன்."

கருவேல மரத்தடியில் நீலச் சேலையோடு தான் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அடிப்பதற்கு முன்னால் அவன் ஒருதரம் தன் பக்கம் பார்த்துச் சிரித்ததைச் சொன்னாள். இடது கைக்காரன் மாதிரி நின்று அடித்தான் என்றாள். பேச்சிராஜா வாழ்நாளில் அப்படி நின்றதில்லை. சாம்சன் திருத்தவில்லை. "ஆமா தங்கச்சி, அப்படித்தான் நடந்துச்சு" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு பந்து விழவில்லை. அந்த பைனலை யாரோ செல்போனில் எடுத்த வீடியோ ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. அதில் பேச்சிராஜா இடது கை ஆட்டக்காரனாக நின்று தூக்கி அடிக்கிறான். பவுண்டரிக்கு வெளியே, கருவேல மரத்தடியில், நீலச் சேலை கட்டிய ஒருத்தி எழுந்து நின்று கைதட்டுகிறாள். அன்றைக்கு ஆட்டம் பார்த்தவர்களைக் கேட்டால், முத்துமாரி வெயிலுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்துவிட்டாள் என்கிறார்கள்.