ஒரு பொத்தான் தைக்கும் நேரம்

அந்தத் தெருவைப் பார்க்க இதற்கு முன் இரண்டு சுற்றுலா அதிகாரிகள் வந்து போய்விட்டார்கள். முதலாமவர் தெருவைப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்து முடித்தார், இரண்டாமவர் ஒன்பதில். பார்க்க ஒன்றுமில்லை என்று இருவரும் எழுதிவைத்தார்கள். வெளியாள் ஒருவர் ஒரு மணி நேரமாவது செலவிடக்கூடிய தெருவுக்குத்தான் நகரத்தின் சுற்றுலா வரைபடத்தில் இடம். வரைபடத்தில் ஏறினால்தான் தெருமுனையில் பேருந்து நிற்கும்.

வரைபடம் யாருக்கு வேண்டும், அந்தத் தெருவின் தையல்காரிக்குப் பேருந்துதான் வேண்டும். விபத்தில் கால் ஒடிந்த அவள் கணவர், வேலை முடிந்து பெரிய சாலையிலிருந்து கைத்தடியோடு முக்கால் மணி நேரம் நடந்து வருவார். வீங்கிய காலிலிருந்து செருப்பைக் கழற்றவே வெகுநேரம் ஆகும். அதைப் பார்த்துத்தான் அவள் தெருவை வரைபடத்தில் சேர்க்கச் சொல்லி மனு போட ஆரம்பித்தாள்.

மூன்றாவது மனுவையும் அவளே போட்டாள். இந்தத் தெருவில் கோபுரம் இருக்கிறதா, கோட்டை இருக்கிறதா, அண்ணிக்கு வேறு வேலை இல்லையா என்று பக்கத்துத் தையல் எந்திரத்திலிருந்து நாத்தனார் நொடித்தாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஏழு மொழிப் பெயர்ப்பலகைகளையும் மாடிக்கு மாடி காயும் துணியையும் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

மூன்றாவது அதிகாரி படிவத்தோடு வந்தார். சிரித்தால் வரி போட்டுவிடுவார்கள் என்று பயந்ததுபோல ஒரு முகம். தையல்காரியின் கண் நேராக அவர் கோட்டுக்குப் போயிற்று. நடுப்பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"கழட்டிக் குடுங்க சார், பத்து நிமிஷத்துல தச்சுடறேன். அதுவரைக்கும் இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க, பக்கத்துக் கடையில போய் மாவு பிசைங்க."

அவர் யோசிப்பதற்குள் கோட்டு அவள் கைக்கு வந்துவிட்டது.

ரொட்டிக்கடைக்காரரின் மொழி தெருவில் யாருக்கும் தெரியாது. எட்டு வருடமாக எல்லோரும் அவரோடு கையாலேயே பேசிச் சமாளிக்கிறார்கள். அவர் அதிகாரியின் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, மாவுக்குள் இரண்டு கைகளையும் அமுக்கினார். ரொட்டி வேகும் நேரத்தில் எதிர்க்கடை முடிதிருத்துபவர் அவரை இழுத்து உட்காரவைத்து முகத்தில் நுரை பூசினார். பிறகு அதிகாரி மாடியில் மேளம் சொல்லித்தரும் அக்காவிடம் மாட்டினார். கடைசியில் சலவைக்கடை. துணி துவைத்து முடியும்வரை அங்கே சதுரங்கம் ஆடுவது வழக்கம், கடைக்காரி இதுவரை யாரிடமும் தோற்றதில்லை.

பொத்தான் ஐந்தே நிமிடத்தில் தைத்தாகிவிட்டது. கோட்டைக் கடையின் முன்பக்கக் கண்ணாடியோரம் மாட்டிவைத்துவிட்டு, தையல்காரி வாசலுக்கும் எந்திரத்துக்குமாக நடந்தாள். மேலேயிருந்து தாளம் தப்பிய மேளச் சத்தம் கேட்டபோது நாத்தனாரே சிரித்துவிட்டாள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனின் கோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா என்று உறுத்தியது.

அதிகாரி திரும்பி வந்தபோது முழங்கையில் மாவு, கக்கத்தில் ரொட்டி. அவளால் அடக்க முடியவில்லை.

"சார், கோட்டு அப்பவே ரெடி. நான்தான் வேணும்னே கூப்பிடல. அந்த நேரத்தை எழுதிக்காதீங்க."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். அதிகாரி நிதானமாகக் கோட்டை மாட்டி, நடுப்பொத்தானைப் போட்டுப் பார்த்தார்.

"தெரியும்மா. ரொட்டிக்கடையில இருந்து வர்றப்பவே கண்ணாடி வழியா பாத்தேன். கேட்டிருந்தா போட்டுக்கிட்டுக் கிளம்பணும்ல."

செலவிட்ட நேரம் என்ற கட்டத்தில் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் என்று எழுதினார். பார்க்க வேண்டியவை என்பதை அடித்துவிட்டு, செய்ய வேண்டியவை என்று போட்டார். இடம் போதாமல் படிவத்தின் பின்பக்கமும் நிரம்பியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் தெருமுனையில் முதல் பேருந்து நின்றது. மாடியிலிருந்து மேளம் முழங்கியது, ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு கைதட்டினார். அது எங்கள் அண்ணி போட்ட மனு என்று நாத்தனார் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு இறங்கிய கணவர், மூன்றே நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

செருப்பு உடனே கழன்றது. தையல்காரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.