கடலைத் தோட்டத்து முதல் வெடி

"காதுக்குப் பின்னாடி மச்சான், காதுக்குப் பின்னாடி! ஒரே குண்டு, நின்ன இடத்துலயே..."

"ஒரு குண்டாம்ல ஒரு குண்டு! கைப்பிடி ஈய ரவையக் கெட்டிச்சு விட்டம்னா..."

"ரவையா? அதுக்கு முதுகு சொறிஞ்சு விட்டாப்பல இருக்கும். திரும்பி வந்து ஒங்களத்தான்..."

"ஒடம்பெல்லாம் சல்லடையாப் போயிரும்னு சொல்ல வாரேன், குறுக்க பேசாத மாப்ளே!"

ராக்கம்மாள் அடுப்படியில் கம்மஞ்சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் புருசன் சீனிச்சாமியும் தம்பி சுருளியாண்டியும் போடுகிற சத்தத்தில் கோழிகள் நேரத்துக்கு முன்னாலேயே கூண்டுக்குள் போய் அடைந்துவிட்டன. சுருளியாண்டி மேகமலையில் ஒரு ஏலத் தோட்டத்தில் வாட்சர். தோட்டத்துத் தொரையோட ரெட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மத்தியானம்தான் மலையிறங்கி வந்திருந்தான். வந்தவனுக்கு ஒரு வாய் மோர் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிக்கும் முன்னால் பேச்சு பன்னியில் வந்து நின்றுவிட்டது.

மலையடிவாரத்துக் கடலைத் தோட்டத்தில் பத்து நாளாக ஒரு கிழட்டு ஆண் பன்னி இறங்குகிறது. மாடு கட்டி உழுதாலும் அப்படி உழ முடியாது. நாளைக்கு விடியக்காலம் ஊரே தமுக்கு அடித்துக் கலைக்கப் போகிறது. ஊர்க்கட்டு என்னவென்றால், யார் தோட்டத்தில் பன்னி இறங்கியதோ அந்தத் தோட்டக்காரன்தான் முதல் வெடி போட வேண்டும். அவன் போடாமல் வேறு யாரும் விசையில் விரல் வைக்கக் கூடாது. மலையடிக் கருப்பசாமிக்கு அது ஆகாது.

"அக்கா, நீயே கேளு. தொரை துப்பாக்கி சும்மா கெடக்கு. பின்னாடி மடக்கித் தோட்டாவச் செருகுனாப் போதும், பனி பேஞ்சாலும் வெடிக்கும், ஒண்ணு தவறுனா இன்னொண்ணு இருக்கு. இவுக என்னடான்னா வாய் வழியா மருந்து இடிக்கிற இந்த ஒலக்கையத்தான் தூக்கிட்டு வருவேங்கிறாக."

"ஒலக்கையா? எங்க பாட்டன் புலி சுட்டது இதுல!"

"புலியா, புளியமரமான்னு ஒங்க பாட்டனக் கேட்டாத்தான தெரியும்?"

"லைசென்ஸ் இந்தத் துப்பாக்கிக்குத்தானடா கெடக்கு. ஒன் தொரை துப்பாக்கிய நான் தொட்டா நாளைக்குப் போலீசுக்காரனுக்கு யாருடா பதில் சொல்றது, ஒன் தொரையா?"

லைசென்ஸ் என்று ஒரு சொல்லைப் போட்டால் அவன் அடங்குவான் என்று சீனிச்சாமிக்குத் தெரியும்.

"சரி, ஒலக்கையே இருக்கட்டும். உள்ள என்ன போடுறீக? அதச் சொல்லுங்க."

"ரவை."

"மச்சான், போன மாசம் கர்ணன் ரவைதானே போட்டான்? அவன் தொடை என்ன ஆச்சு?"

கர்ணன் பக்கத்துத் தோட்டத்துக்காரன். அவன் போட்ட ரவை தோலில் தைத்ததோடு சரி. பன்னி திரும்பி வந்து ஒரே கிழி. இன்னும் குச்சி ஊன்றித்தான் நடக்கிறான். வெடி போட்டவனை நோக்கித்தான் அது வரும், புகை எங்கிருந்து வந்தது என்று அதுக்குத் தெரியும். ராக்கம்மாளின் கரண்டி ஒரு நிமிசம் நின்றது.

"கர்ணனுக்குக் குறி பாக்கத் தெரியாது," என்றார் சீனிச்சாமி.

"குறி பாக்கத் தெரியாதவந்தான் மச்சான் ரவை போடுவான்! தெரிஞ்சவன் ஒத்தக் குண்டு போடுவான். இருங்க, காட்டுறேன்."

சுருளியாண்டி அடுப்படிக்கு வந்து ஒரு கரித்துண்டை எடுத்துப் போனான். எதற்கு என்று கேட்பதற்குள், பொங்கலுக்கு அடித்த வெள்ளைச் சுவரில் சரட் சரட்டென்று ஒரு பன்னியை வரைந்துவிட்டான். கூரை போல முதுகு, குச்சி போல நாலு கால், கோரைப்பல், சுருட்டி விட்ட வால்.

"ஏலே! சுண்ணாம்பு யாரு, ஒன் தொரை வந்து அடிப்பாரா?"

"நாளைக்குக் கறி தின்னதும் நானே அடிச்சுத் தாரேன்க்கா. மச்சான், இங்கன வாங்க. காது எங்கன? தொட்டுக் காட்டுங்க பாப்பம்."

சீனிச்சாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். சுவருக்கு முன்னால் போய், ஊரே பார்க்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, ஆட்காட்டி விரலை அழுத்தி வைத்தார்.

"இந்தா. காது. இதுக்குப் பின்னாடி."

விரல் வாலின் மேல் இருந்தது.

சுருளியாண்டி சிரித்த சிரிப்பில் மோர்ச் செம்பு உருண்டது. "மச்சான்! அது வாலு! வாலுக்குப் பின்னாடி சுட்டா மேகமலையத்தான் சுடணும்!"

"நீ வரைஞ்ச லட்சணம் அப்படி. வாலும் காதும் ஒண்ணாத்தான இருக்கு."

சுருளியாண்டி அதை வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டான். ராக்கம்மாள் சிரிக்கவில்லை. போன வாரம் தோட்டத்திலிருந்து வந்து சீனிச்சாமி பொரிந்து தள்ளியது அவளுக்கு ஞாபகம் வந்தது. சோளக்கொல்லையில் ஒருத்தன் நிற்கிறான், யாருப்பா அங்கன என்று நாலு தடவை கேட்டேன், மட்டு மரியாதை இல்லாமல் கையை விரிச்சுக்கிட்டே நிக்கிறான் என்று. சோளக்கொல்லையில் கையை விரித்துக்கொண்டு நிற்பது அவளுடைய பழைய சேலையைச் சுற்றிய வைக்கோல் பொம்மை. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது யோசித்தால், திருகைக் கல்லில் இடித்துக்கொண்டதும், ஆட்டுக்கு வைத்த கழுநீரைத் தண்ணீர் என்று மொண்டதும், எல்லாம் ஒரே திக்கில் போய் நின்றது.

அதனால்தான் ரவை ரவை என்று நிற்கிறார். ரவை பரவும். எங்கே பிடித்தாலும் ஏதாவது ஒன்று படும். இந்த மனுசருக்குக் குறி கண்ணுக்குத் தெரியவில்லை, அதை ஒத்துக்கொள்ளவும் வாய் வரவில்லை. தம்பி காதில் போட்டால் நாளை மறுநாள் மலை முழுக்கத் தெரியும். பேசாமல் விட்டால் கர்ணனுக்கு ஆனது இவருக்கு ஆகும். முதல் வெடி வேண்டாம் என்று இவரைத் தடுக்க ஊர்க்கட்டும் விடாது, இவர் மீசையும் விடாது.

அவள் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீகளா? ரவையும் வேணாம், காதும் வேணாம்."

"பாருடா, தொரைசாணி வந்துட்டாக," என்றார் சீனிச்சாமி.

"இந்த ஊர்ல விழுந்த பன்னி அத்தனையையும் அறுத்தது யாரு? நீங்களா, இவனா? சுட்டுப் போட்டுட்டு ரெண்டு பேரும் கள்ளுக்குப் போயிருவீக. அது வயித்துக்குள்ள கைய விட்டது நானு. காது ஆடிக்கிட்டே இருக்கும், ஒரு சாண் தப்புனா ஒண்ணுமில்ல. தோளு மேல கேடயம் கணக்கா கெட்டித் தோலு, அருவாளே எகிறும், ஒங்க பாட்டன் துப்பாக்கிக் குண்டு தட்டிட்டுத் திரும்பி வந்துரும். ஈரக்கொல எங்கன இருக்குன்னு நெனைக்கிறீக? ஆம்பளைக எல்லாரும் மேலயே பாக்குறீக. அது கீழ இருக்கு. முன்னங்காலு மொழங்கைக்கு நேர் பின்னால, நாலு விரல் மேல." கரண்டியால் சுவர்ப் பன்னியின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். கம்மஞ்சோறு ஒட்டிக்கொண்டது. "ஒத்தக் குண்டு. இங்கன."

சுருளியாண்டி தலையை ஆட்டினான். "அக்கா சொல்றதும் சரிதான். தொரைகூட அப்படித்தான் சுடுவாக."

"தொரைக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன், போ. அப்புறம் இன்னொண்ணு. நானும் வாரேன்."

"எங்கன?"

"வேட்டைக்கு."

சீனிச்சாமிக்குப் புரையேறியது. "வேட்டைக்குப் பொம்பளையா? ஊரு சிரிக்கும்டி!"

"கடலை வெதச்சது யாரு? களையெடுத்தது யாரு? தோட்டக்காரன் மொத வெடி போடணும்னுதான ஊர்க்கட்டு. தோட்டக்காரி பக்கத்துல ஒக்காரக் கூடாதுன்னு எந்தக் கருப்பசாமி சொன்னாரு?"

"எதுக்குடி வார? அதச் சொல்லு."

ராக்கம்மாள் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். "ஒங்கள அது முட்டித் தள்ளுனா யாருகிட்ட நான் சண்டை போடுறது? எனக்குப் பயமா இருக்கு. பக்கத்துல இருந்தாப் பயம் தெரியாது."

இருபது வருசத்தில் எதற்கும் பயந்து பார்த்திராத பெண்டாட்டி பயம் என்று சொன்னதும் சீனிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

"பயந்தா வா. ஆனா வாயத் தெறக்கக் கூடாது."

"நான் எப்பங்க வாயத் தெறந்திருக்கேன்?"

சுருளியாண்டி தலையைக் குனிந்து செம்பைத் தேடுகிற மாதிரி இருந்தான்.

விடியக்காலம் மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. கடலைத் தோட்டத்து முள்வேலியில் பன்னி வந்து வந்து ஆன சந்து ஒன்று இருந்தது. அதற்கு எதிரே, ஒரு தென்னை மட்டை நீளத் தூரத்தில், ஒரு பாறைக்குப் பின்னால் சீனிச்சாமி மண்டியிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ராக்கம்மாள். சுருளியாண்டி ஒரு கவைக்கம்பை மண்ணில் அடித்தான். பன்னியின் முழங்கைக்கு நாலு விரல் மேலே இருக்கட்டும் என்று ராக்கம்மாள் கையால் அளந்து காட்டினாள். துப்பாக்கியின் முனையை அந்தக் கவையில் வைத்தபோது அது சந்தின் நடுவே நேராகப் பார்த்தது.

"மச்சான், இனி நீங்க எதையும் தேட வேணாம். அது வந்து ஒங்க குழாய்க்கு முன்னாடி நிக்கும்."

"எனக்குத் தெரியும், நீ போ."

சுருளியாண்டி ரெட்டைக்குழலோடு பின்னால் உயரமான பாறையில் ஏறிக்கொண்டான். முதல் வெடிக்குப் பிறகு மிச்சம் இருந்தால் அவன் வெடி. மலைச் சரிவில் அம்மாவாசி தலைமையில் ஆட்கள் தமுக்கடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் குசுகுசுப்பது பன்னிக்கும் கேட்காது, தம்பிக்கும் கேட்காது.

"எனக்குப் படபடன்னு வருது," என்றாள் ராக்கம்மாள். "கண்ணுல படுறத எல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கட்டுமா? சொன்னா மனசு நிக்கும்."

"சொல்லித் தொலை."

"அந்தா வருது. பொட்டப் பன்னி. பின்னாடி குட்டிக. சந்துக்குள்ள நொழையுதுக. விட்டுருவம், பாவம்."

"நானும் பாத்தேன்," என்றார் சீனிச்சாமி.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது சந்துக்கு இரண்டு முழம் தள்ளி. ராக்கம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா என்ன. எனக்குச் சொல்லணும்போல இருக்கு, சொல்றேன். குட்டிக போயிருச்சு. யாருமில்ல. இப்ப... ஆத்தாடி."

"என்ன?"

"வந்துருச்சு. கன்னுக்குட்டி ஒசரம். தோளெல்லாம் சேறு காஞ்சு கெடக்கு. பல்லு பெறை நெலா கணக்கா. சந்துல நிக்கிது. நேரா நம்மளப் பாத்துட்டு நிக்கிது."

சீனிச்சாமியின் விரல் விசைக்குப் போனது.

"வேணாம்! நெத்தி எலும்பு, குண்டு வழுக்கிரும். மூச்ச விடாதீக."

பன்னி மோந்து பார்த்தது. மூக்கு சுருங்கி விரிவது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் நாலு எட்டு ஓடி வந்தால் இவர் மடியில் இருக்கும். அவள் கவைக்கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயம் என்று பொய் சொல்லி வந்தவளுக்கு நிசமாகவே பயம் வந்தது.

"ராக்கு," என்றார் அவர் மெதுவாக. "பேசு."

"திரும்புது. தலை கெழக்க போகுது. முன்னங்கால எடுத்து வைக்கிது. இன்னும் கொஞ்சம். தோளு குழாய்க்கு நேரா. தோளு தாண்டுது. மொழங்கை. மொழங்கை தாண்டி... இப்ப!"

வெடித்தது. நாட்டு மருந்தின் புகை பாறையை மூடியது. உலக்கை இடித்த இடியில் சீனிச்சாமி பின்னால் சாய்ந்து அவள் மேலேயே விழுந்தார். புகைக்குள் ஏதோ முறிகிற சத்தம், கடலைச் செடியை வாரிக்கொண்டு ஓடுகிற சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. மேலே ரெட்டைக்குழல் வெடிக்கவே இல்லை.

காற்று புகையைத் தள்ளியது. வாய்க்கால் வரப்பு ஓரம் அது சரிந்து கிடந்தது. கால் இரண்டு தடவை உதைத்து நின்றது.

"மச்சான்! ஒத்தக் குண்டு மச்சான்!" சுருளியாண்டி பாறையிலிருந்து குதித்தான். "சொன்ன எடத்துலயே! தொரை பாக்கணும் இத!"

சரிவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் வேலிக்கு வெளியிலேயே நின்றார்கள். சுட்டவன் முதலில் போய், விழுந்ததன் காதைப் பிடித்துத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் மற்றவர் கால் வைக்க வேண்டும். குச்சியை ஊன்றிக்கொண்டு கர்ணன்கூட வந்துவிட்டான்.

"என்ன மாமா, பொம்பள காவலோட வேட்டையா?" என்றான் கர்ணன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அவளுக்குப் பயம்டா. இருக்கட்டும்னு கூட்டியாந்தேன்," என்றார் சீனிச்சாமி.

"ஆமா, கைகால் எல்லாம் நடுங்கிருச்சு," என்றாள் ராக்கம்மாள், சேலையில் ஒட்டின கரியைத் தட்டிக்கொண்டே.

"போங்க மாமா, தொட்டுக் கும்பிடுங்க. நாங்க வரணும்ல," என்றான் அம்மாவாசி.

சீனிச்சாமி எழுந்தார். துப்பாக்கியைத் தோளில் சாய்த்தார். மீசையை ஒதுக்கினார். ஒரு எட்டு எடுத்து வைத்தார், நின்றார். வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி ஒரு எட்டு வைக்கப் போய்க் காலை இழுத்துக்கொண்டார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ராக்கம்மாள் வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். காலையிலிருந்து அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்தார், துப்பாக்கி மருந்துக் கொம்பைத் தேடுகிறவர் போல. குனிந்த வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"ஏத்தா ராக்கு... சிரிக்காமச் சொல்லு, அது எந்தப் பக்கம் கெடக்கு?"