ஒன்பது புள்ளி நாலு விநாடி

மெரின் ஹாடோவுக்கு அடுத்த மேஜையில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அடிலெய்டில், தீபார்ட்டன் பக்கம், டயர்க் கடைக்கு மேல்மாடியில் பதினோரு பேர் வேலை பார்த்த சின்னக் கம்பெனி. ஒயின் ஆலைகளின் நிலவறையில் மாட்டுகிற எச்சரிக்கைப் பெட்டிகளைச் செய்தோம். திராட்சைச் சாறு நொதிக்கும்போது கரியமில வாயு கிளம்பித் தரையோடு தேங்கி நிற்கும். அளவு மீறினால் எங்கள் பெட்டி ஹார்ன் அடிக்கும்.

பெட்டிக்குள் இருந்த கெர்னல் முழுக்க மெரின் எழுதியது. எந்த நிரல் எப்போது ஓடலாம், எது காத்திருக்க வேண்டும் என்று அடியிலிருந்து எல்லாவற்றையும் மேய்க்கிற பகுதி அது. அதிலும் டைமர்கள் என்றால் அவளுக்கு உயிர். இரண்டு வகை வைத்திருந்தாள். ஒன்று சுவர்க் கடிகாரம் மாதிரி, யார் ஓடினாலும் நின்றாலும் அதுபாட்டுக்கு ஓடும். இன்னொன்று மெய்நிகர் டைமர், ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி. அந்த நிரல் ஓடும்போது மட்டும்தான் குறையும். நிரலை வெளியே எடுத்ததும் கெர்னல் மிச்சத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். மறுபடி உள்ளே விடும்போது விட்ட இடத்திலிருந்து எண்ணும்.

அந்தக் கெர்னலின் மேல் ஓடிய வாயு நிரலை எழுதினவன் க்ளென் நோஸ்கே. நிலவறையில் வாயுவை அளக்கிற உணரிகளை நிரல் வரிசையாகக் கேட்டு ஒரு சுற்று முடிக்கும். முடித்ததும் ஒரு பத்து விநாடி டைமரைப் புதிதாக வைக்கும். பத்து விநாடிக்குள் சுற்று முடியவில்லை என்றால் நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று அர்த்தம், ஹார்ன் அடிக்கும். முதலில் க்ளென் சுவர்க் கடிகார வகையைத்தான் போட்டிருந்தான். ஆனால் பெட்டி வேறு வேலையில் மும்முரமாக இருந்தால் சுற்று இழுத்துக்கொண்டு, வாயுவே இல்லாமல் ஹார்ன் கத்திவிடும். அறுவடைக் காலத்தில் ஆலைக்காரர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள்.

அடுத்த வெர்ஷனில் கத்தல் நின்றது. க்ளென் மெய்நிகர் டைமருக்கு மாற்றியிருந்தான். எல்லாருக்கும் நிம்மதி. மறு வருஷம் அவன் வேலையை விட்டுப் போனான்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பரோசாவில் ஓர் ஆலையின் நிலவறைக்குள் கிம் ஸில்ம் என்கிற நாற்பத்தொரு வயதுக்காரர் குழாய் மாட்ட இறங்கினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்துத் தேடிப் போனவர்கள் அவரைத் தொட்டிக்கு அடியில் பார்த்தார்கள். மூச்சு இல்லை.

மறுநாள் பாதுகாப்பு ஆய்வாளரோடு மெரினும் நானும் போனோம். பெட்டியை யாரும் அணைக்கவில்லை. மெரின் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தாள். செவ்வாய் காலை ஆறு மணிக்கு ஓர் உணரியின் கம்பி அரித்து அறுந்திருக்கிறது. நிரல் அதனிடம் அளவு கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றிருக்கிறது. காத்து நிற்கிற நிரல் ஓடுவதில்லை. ஓடாத நிரலின் டைமர் குறைவதும் இல்லை. பத்து விநாடியில் மிச்சம், ஒன்பது புள்ளி நாலு. கிம் இறங்கினபோதும் அதே எண். நாங்கள் பார்த்தபோதும் அதே எண்.

"கெர்னல்ல தப்பு இல்ல," என்றாள் மெரின். "சொன்னத அப்படியே செஞ்சிருக்கு."



எங்கள் முதலாளி ரெக்ஸ் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு மெரினிடம் பேசினார். "கெர்னல் சுத்தம். தப்பான டைமர எடுத்துப் போட்டது க்ளென். அவன் இப்ப இங்க இல்ல. விசாரணையில அத மட்டும் சொல்லு. பொய்யும் இல்ல."

"நான்தான் அவன்கிட்ட சொன்னேன், ரெக்ஸ்."

"என்ன சொன்ன?"

"காபி மெஷின்கிட்ட நின்னு கேட்டான், ஹார்ன் சும்மா கத்துதே, என்ன பண்ணலாம்னு. உன் நிரல் ஓடுற நேரத்த மட்டும் எண்ணு, சரியாயிடும்னேன். அது எங்கயாவது காத்து நிக்குமான்னு ஒரு வார்த்தை கேக்கல நான்."

"எழுத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது நடக்கல," என்றார் ரெக்ஸ்.

அஞ்சு மாசம் அவளும் அதை வெளியே சொல்லவில்லை. விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால், "மரே பிரிட்ஜ் வரைக்கும் வண்டி ஓட்டுவியா?" என்று என்னைக் கேட்டாள். க்ளென் அந்த ஊரில் ஒரு நர்சரியில் வண்டியில் செடி ஏற்றிக்கொண்டிருந்தான். பாதியாக இளைத்திருந்தான்.

"வக்கீல் யாரோடயும் பேசக் கூடாதுன்னாரு," என்றான். "பேச என்ன இருக்கு? அந்த வரிய எழுதினது நான்."

மெரின் சொன்னாள். காபி மெஷின், அவன் கேட்டது, அவள் சொன்னது, எல்லாம்.

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"எனக்கு இருக்கு."

க்ளென் கையிலிருந்த நாற்றுத் தட்டைக் கீழே வைத்தான். "அஞ்சு மாசம், மெரின். நான் ஒருத்தனே ஒரு மனுஷனக் கொன்னுட்டேன்னு நெனச்சு... ஒரு போன் போட முடியலையா உன்னால?"

"பயமா இருந்துது."

"யாரப் பாத்து? செத்தவனா எந்திரிச்சு வரப் போறான்?"

அதற்கு மேல் எங்களைப் பார்க்காமல் செடிகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தான்.

விசாரணையில் மெரின் எல்லாவற்றையும் சொன்னாள். ரெக்ஸ் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கம்பியக் கழட்டிப் போட்டா என்ன ஆகும்னு யாராவது சோதிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. நானும்தான். சோதனை என் வேலை.

வெளியே நடைவழியில் கிம்முடைய மனைவி லீஸல் மெரினை நிறுத்தினாள்.

"பழைய டைமரா இருந்தா அடிச்சிருக்குமா?"

"அடிச்சிருக்கும். காலைல ஆறு மணிக்கே."

லீஸல் கைப்பையின் வாரைத் திருகினாள். "சும்மா சும்மா கத்துதுன்னு உங்க ஆபீசுக்கு போன் போட்டுத் திட்டுனதுல பாதி கிம்தான். தெரியுமா உங்களுக்கு?"

மெரினுக்குத் தெரியாது.

"அதனால உங்க தப்பு குறைஞ்சிடாது," என்றாள் லீஸல்.

"குறையாது."

தீர்ப்பில் தப்பு மெரின், க்ளென், சோதனை செய்யாத கம்பெனி என்று மூன்று தரப்பு மேலும் விழுந்தது. யாருக்கும் சிறை இல்லை. விற்ற நாற்பத்துமூன்று பெட்டிகளையும் கழற்றி எடுத்து வந்தோம். அடுத்த குளிர்காலத்துக்குள் ரெக்ஸ் கம்பெனியை மூடினார்.

மெரின் இப்போது ஸ்ட்ரீக்கி பே என்கிற கடலோர ஊரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். சிப்பிப் பண்ணையில் கூடை கழுவுகிறாளாம். க்ளெனுக்கு மூன்று கடிதம் எழுதினாள். இரண்டு பிரிக்காமல் திரும்பி வந்தன. மூன்றாவது வரவில்லை. அதை அவன் படித்தானா, கிழித்தானா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.