கடைசி ராட்சசனும் காராச்சேவும்

அருப்புக்கோட்டை பஜாரில் எங்கள் சேவுக்கடையைத் தெரியாதவர்கள் குறைவு. மதுரை பஸ் ஏறுகிறவர்கள் கால் கிலோவாவது கட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். தூத்துக்குடிக்கு லோடு கொண்டுபோகிற லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "அக்கா, சூடா இருக்கிறதுல போடுங்க" என்பார்கள். இத்தனை பேர் வாய்க்குள் போகிற சேவு ஒரே ஒரு வாய்க்குள் மட்டும் போனதில்லை. அது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் ஐயாத்துரையின் வாய்.

சர்க்கரையா, பிரஷரா என்று கேட்காதீர்கள். ஒரு மண்ணும் கிடையாது. வேண்டுதல்.

இவருக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றைச் சிங்கப்பூர் மாமா கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கூடவே ஒரே ஒரு கேசட். ஒரு வாள்காரன் ஏழு கதவு போட்ட கோட்டைக்குள் நுழைய வேண்டும். கடைசிக் கதவுக்குப் பின்னால் இரண்டு தலை ராட்சசன் இருப்பான். தெருவில் எந்தப் பையனாலும் அவனைக் கொல்ல முடியவில்லை. இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிவராத்திரிக்குத் திருச்சுழிப் பக்கம் குலசாமி கோயிலுக்குப் போன இடத்தில், இருளப்பசாமிக்கு முன்னால் சூடத்தை அணைத்து, "ரெட்டத்தலையனக் கொல்லுற வரைக்கும் சேவு திங்க மாட்டேன் சாமி" என்று சத்தியம் செய்துவிட்டார். சேவுக்கடைக்காரர் மகன் வேறு எதைத்தான் விட்டுக்கொடுப்பான்?

சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை, கரண்ட் எக்குத்தப்பாக வந்து பெட்டி புகைந்துபோனது. ராட்சசன் உள்ளேயே உயிரோடு இருந்துவிட்டான்.

இந்தக் கதை கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை. மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டுக்கு மறுவீடு வந்தபோது அம்மா ஆசையாகச் சேவுத் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளை தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டார். சீரில் ஏதோ குறை என்று நினைத்து அம்மாவுக்கு ரெண்டு நாள் தூக்கமில்லை. விஷயம் தெரிந்தபோது என் தம்பி ராம்குமார் தரையில் உருண்டு சிரித்தான். அன்றிலிருந்து அவன் வாயில் இவருக்கு 'ராட்சச மச்சான்' என்றுதான் பேர்.

கோயில் பூசாரி மருதுபாண்டி அண்ணனிடம் நானே போய் வழி கேட்டேன். "சாமி என்ன கேசட்டாம்மா கேட்டுச்சு? மஞ்சத்துணியில காணிக்கை முடிஞ்சு போடு, மன்னிச்சிரும்" என்றார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சொன்ன சொல்லு சொன்னதுதான் பிருந்தா" என்றார். தராசு முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் இன்னும் ரெண்டு சேவை எடுத்துப் போடுகிற மனுசனிடம் என்ன பேச?

அதுவரை எனக்கும் அது வேடிக்கைதான். மாமனார் தவறிப்போய், சேவு போடுகிற மாஸ்டரும் மதுரைக்கு வேலை மாறிப் போன பிறகு அடுப்பு என் கைக்கு வந்தது. கடலை மாவும் அரிசி மாவும் என் அளவில் கலந்தேன். பூண்டையும் மிளகையும் சேர்த்து இடித்துப் போட்டேன். பயந்து பயந்துதான் முதல் ஈடு எடுத்தேன். ஊர் மெச்சியது. ஆனால் பாருங்கள், ஊரெல்லாம் மெச்சி என்ன செய்ய? பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்துக் கொடுக்கிற மனுசன் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "நல்லாருக்கு புள்ள" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அப்படி ஏக்கம். பந்தல்குடி லாரிக்காரர் ஒருவர் ஒருநாள், "அண்ணாச்சி, எங்களுக்குப் போடுறத நீங்க ஏன் தொட மாட்டேங்கிறீக? உள்ள என்னத்தக் கலக்குறீக?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுத்தான் ராம்குமார் சென்னையிலிருந்து வரும்போது ஒரு புதுப் பெட்டியை வாங்கிவந்து எங்கள் மாடி டி.வி.யில் மாட்டினான். "பழைய ஆட்டத்தையெல்லாம் இப்பக் கம்பெனிக்காரங்க இதுல மறுபடியும் விடுறாங்கக்கா. உங்க ராட்சசனும் வருவான், பொறு" என்றான்.

பொறுத்தேன். கம்பெனிக்காரர்கள் விடுகிற லட்சணம் இருக்கிறதே! கோடைகாலத்தில் குழாயில் தண்ணீர் வருவது மாதிரி. மாதத்துக்கு ஒரு ஆட்டம், சில மாதம் அதுவும் கிடையாது. ஒரு தடவை விமானம் சுடுகிற ஆட்டம். ஒரு தடவை தவளை தாவுகிற ஆட்டம். கிடங்கில் மூட்டை மூட்டையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போடுகிறார்கள். நான் சேவை இப்படி எண்ணி எண்ணிப் போட்டால் ஜனம் கடையைச் சும்மா விடுமா?

இதில் இன்னொரு கூத்து. ஆட்டத்தின் பேர் இவருக்குத் தெரியாது. கேசட்டின் மேல் ஜப்பான் எழுத்தாம். பையன்கள் கூப்பிட்டதெல்லாம் 'கோட்டைக் கேசட்டு'தான். அதனால் மாதம் பிறந்ததும் ராம்குமார் போனில் படம் அனுப்புவான். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்து, "இது இல்ல" என்பார். பொண்ணு பார்க்கப் போனவர்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

போன ஆடியில் ஒரு படம் வந்தது. இவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "இவந்தான்" என்றார். என் மகள் ரோஷினி அன்று ராத்திரியே அதைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே! பன்னிரண்டு வயது விரலா இப்போது இருக்கிறது? முதல் கதவிலேயே வாள்காரன் பள்ளத்தில் விழுந்தான். "அப்பா, இதுல பின்னால திருப்புற பட்டன் இருக்கு. செத்தா அமுக்குங்க, பழையபடி உயிரோட வந்துருவீங்க" என்று ரோஷினி சொல்லிக் கொடுத்தாள். இவர் பதறிப்போய்க் கையை எடுத்துக்கொண்டார். "அன்னைக்கு அந்தப் பட்டன் இல்லல்ல? சாமி பாத்துக்கிட்டிருக்கும்" என்றார். இருளப்பசாமிக்கு வேறு வேலையே இல்லாதது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அரைநாள் லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டி முன்னால் உட்காருவார். ஆவணியில் நாலாவது கதவு. புரட்டாசியில் ஆறாவது. ஐப்பசி பிறந்ததும் கடைசிக் கதவு திறந்து ராட்சசன் வந்தான். அதற்கப்புறம் ஆட்டம் நகரவே இல்லை. வாரா வாரம் ராட்சசன் கையில் சாவார். "அடுத்த வாரம் பாப்போம்" என்று எழுந்துவிடுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்படி என்ன பெரிய ராட்சசன் என்று, அவர் வசூலுக்குப் போன ஒரு மத்தியானம் நானே உட்கார்ந்தேன். பின்னால் திருப்புற பட்டனைக் கூசாமல் அமுக்கினேன். நான் எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளவில்லையே! நாலைந்து மத்தியானத்தில் அவன் வண்டவாளம் தெரிந்துவிட்டது. இடது தலை தீயைக் கக்கும், அப்புறம் வலது தலை. கக்கி முடித்ததும் ரெண்டு தலையையும் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சு இளைப்பான். அந்த நேரம் பார்த்து எகிறிக் குதித்து வெட்ட வேண்டும். வெட்டினேன், விழுந்தான். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த ஞாயிறு இவர் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஆடினார். ராட்சசனுக்கு ஒரு வெட்டு உயிர்தான் மிச்சம், வாள்காரனுக்கோ பாதிக்கு மேல் இருந்தது. ராட்சசன் கக்கி முடித்துத் தலையைத் தொங்கப்போட்டான். வெட்டுங்கள் என்று எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. இவர் பட்டனிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். வாள்காரன் மரம் மாதிரி நின்றான். ராட்சசன் நிதானமாக எழுந்து அவனைக் கொளுத்தினான்.

மறுபடி ஆடினார். மறுபடியும் அதே இடம், அதே கூத்து. எனக்கு விளங்கிவிட்டது.

"ஏங்க, வேணும்னேதான சாகுறீக?"

"சேச்சே. வெரலு வழுக்கிருச்சு."

"சேவே திங்காத வெரல்ல எண்ணெ எங்கயிருந்துங்க வந்துச்சு? யாருக்குக் காது குத்துறீக?"

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார், அந்த ராட்சசனைப் போலவே. எனக்கு வந்த ஆத்திரத்தில் பூண்டுத் தட்டு உருண்டது. "என் சேவத் திங்கிறதுக்குச் சாகுறதே மேலுன்னு தோணுதா உங்களுக்கு?" என்று கேட்கும்போதே அழுகை முட்டியது.

"அப்படி இல்ல புள்ள," என்றார். சிதறிய பூண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டார். "எங்கப்பா போட்ட சேவ நெனப்புல வச்சே இத்தன வருசம் ஓட்டிட்டேன். உன்னுது அது மாதிரி இல்லேன்னா? எனக்குப் பொய் சொல்ல வராது. மூஞ்சியே காட்டிக்கொடுத்துரும். ஊரே மெச்சுற சேவ நான் ஒருத்தன் சுளிச்சேன்னு வையி, அப்புறம் நீ என்ன மனசோட அடுப்பு முன்னால நிப்ப?"

உண்மையைச் சொன்னால், தின்றுவிட்டு என்ன சொல்லுவாரோ என்கிற பயம் எனக்கும் இருந்திருக்கிறது. இத்தனை நாள் அந்த ராட்சசன் எனக்கும்தான் காவல் இருந்திருக்கிறான். ஆனாலும் விடக்கூடாது என்று தோன்றியது.

"நல்லால்லேன்னா நல்லால்லேன்னே சொல்லுங்க. கேட்டுட்டு நான் ஒண்ணும் கரைஞ்சுபோயிர மாட்டேன். இப்பச் சாகாம ஆடுங்க" என்றேன்.

ஆடினார். ராட்சசன் இளைத்தான். விரல் இந்தத் தடவை வழுக்கவில்லை. ரெண்டு தலையும் தனித்தனியாக உருண்டதும் ரோஷினி போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஈஸ்வரி அக்கா மாடிக்கே ஓடிவந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஈடு எடுத்துப் பொட்டலம் கட்டினேன். சத்தியத்தைச் செய்த இடத்தில்தான் முடிக்க வேண்டும் என்றார். ஸ்கூட்டரில் திருச்சுழி ரோட்டில் போனோம். ரெண்டு பக்கமும் கரிசல், மழை பெய்து அப்போதுதான் உழுதிருந்தார்கள். அவர் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மடியில் பொட்டலம் சுட்டுக்கொண்டே வந்தது.

மருதுபாண்டி அண்ணன் சூடம் காட்டினார். காட்டிய கையோடு பொட்டலத்தில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மென்றார். அப்புறம் இவர் ஒரே ஒரு சேவை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். மெல்ல மெல்ல மென்றார். இன்னொன்று எடுத்தார். எனக்கு முந்தானை நுனியெல்லாம் கசங்கிப்போனது.

"சொல்லுங்களேன்!"

கண்ணைத் திறந்தார். கண் ஈரமாக இருந்தது. "அப்பா போட்டதோட ஒப்பிட்டுப் பாக்கணும்னுதான் நெனச்சேன் பிருந்தா. அது வாய்க்கு ஞாபகமே வர மாட்டேங்குது. எப்பவோ மறந்துபோயிருக்கு, எனக்குத்தான் தெரியல. இனிமே சேவுன்னா எனக்கு இதுதான்."

நான் சாமிக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனுசன். மூன்றாவது சேவைக் கடித்துவிட்டு, "உப்பு மட்டும் ஒரு பொட்டு தூக்கல்" என்றார்.

மருதுபாண்டி அண்ணன் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். தூக்கல்தான். இத்தனை வருடம் ஊரே தின்றது, ஒருத்தர் சொன்னதில்லை. மெச்சுகிறதற்கு ஊர் முழுக்க ஆள் இருந்தார்கள். இதைச் சொல்லத்தான் எனக்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். இவருக்குக் கை ஒழியவில்லை. பின்னால் உட்கார்ந்து உப்பு தூக்கல், உப்பு தூக்கல் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அருப்புக்கோட்டை வருவதற்குள் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டார்.